களவும் காவலும்: இணைய விளையாட்டுப் பொருள்களின் உடைமை வரலாறு

2007 செப்டம்பரில் நெதர்லாந்தின் வடக்கிலுள்ள லேவார்டன் நகரில், 13 வயதுச் சிறுவன் ஒருவனை அவனுக்கு அறிமுகமான இரு சிறுவர்கள் ஒரு வீட்டுக்கு அழைத்துச் சென்றனர். அங்கே அவனை அடித்தனர், உதைத்தனர், கத்தியைக் காட்டி மிரட்டினர். அவர்கள் கேட்டது பணமன்று, கைப்பேசியுமன்று. ரூன்ஸ்கேப் என்னும் இணைய விளையாட்டில் அச்சிறுவன் தன் கணக்கில் சேர்த்து வைத்திருந்த ஒரு தாயத்தும் ஒரு முகமூடியுமே அவர்களுக்கு வேண்டியிருந்தன. அவனைத் தன் கணக்கில் நுழையவைத்து, அவ்விரு பொருள்களையும் விளையாட்டு உலகின் தரையில் போடச் செய்து, தங்கள் பாத்திரத்தைக் கொண்டு எடுத்துக்கொண்டனர்.

வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் தொடங்கி, மேல்முறையீட்டைக் கடந்து, 2012 ஜனவரி 31 அன்று நெதர்லாந்தின் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. அடித்தது குற்றம் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் அங்கே திருட்டு நிகழ்ந்ததா என்பதே கேள்வி. எதிர்த்தரப்பு மூன்று வாதங்களை முன்வைத்தது. தாயத்தும் முகமூடியும் பொருள்களல்ல, வெறும் மின்னணுத் தகவல். அவ்வாறே பொருள்களாயினும் அவை விளையாட்டை நடத்தும் ஜேகெக்ஸ் நிறுவனத்துக்கே உரியவை, சிறுவனுக்கல்ல. மேலும், பிறரிடமிருப்பதைப் பறிப்பது அவ்விளையாட்டின் நோக்கங்களில் ஒன்றுதானே? நீதிமன்றம் மூன்றையும் ஏற்கவில்லை. அப்பொருள்களைப் பெற அவன் காலமும் உழைப்பும் செலவிட்டிருந்தான். அவை அவனுடைய கட்டுப்பாட்டில் மட்டுமே இருந்தன. பறித்தபின் அவனிடம் அவை இல்லை. பறிப்பு நிகழ்ந்த முறைக்கு விளையாட்டின் விதிகளில் இடமில்லை. ஆகவே அது திருட்டே.

இத்தீர்ப்புக்கு ஒரு மூதாதை உண்டு. ஹேக் நகரத்துப் பல் மருத்துவர் ஒருவர் ஊசியொன்றைச் செருகி மின்அளவியை நிறுத்திவைத்து மின்சாரம் துய்த்தார். கண்ணுக்குப் புலப்படாத, கையால் பற்றவியலாத மின்சாரத்தைத் திருட முடியுமா என்ற வினாவுக்கு 1921இல் அதே உச்ச நீதிமன்றம் முடியும் என்று விடையளித்தது. தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் தாயத்துக்கும் அந்த விடையே பொருந்தியது. இடைப்பட்ட காலத்தில் கணினித் தரவு திருட்டுக்குரிய பொருளன்று என்றும் அந்நீதிமன்றம் கூறியிருந்தது. காரணம், தரவைப் படியெடுத்தால் உரியவரிடம் மூலம் எஞ்சியிருக்கிறது. தாயத்து அவ்வாறன்று. ஒருவன் பெற்றால் மற்றவன் இழக்கிறான்.

தமிழில் உடைமை, உரிமை என இரு சொற்கள் உள்ளன. பேச்சில் இவை கலந்து வழங்கினும் இவ்வழக்கை விளக்க இவற்றைப் பிரித்தே ஆளவேண்டும். தாயத்தின் மீதான உரிமை ஒப்பந்தப்படி கேம்பிரிட்ஜிலுள்ள நிறுவனத்தினுடையது. உடைமை அந்தச் சிறுவனுடையது. ஏறத்தாழ எல்லா இணைய விளையாட்டுகளின் பயனர் ஒப்பந்தங்களும், ‘இங்குள்ள எதுவும் உம்முடையதன்று’ என்ற ஒரே செய்தியை வெவ்வேறு சொற்களில் கூறுகின்றன. அவ்வொப்பந்தத்தை ஆட்டக்காரர் எவரும் படிப்பதில்லை, திருடரும் படிப்பதில்லை. இங்கே உடைமை உண்டு என்பதை நீதிமன்றங்கள் அறிந்தது திருட்டு நடந்த பிறகுதான். திருட்டு நடந்தது சந்தை தோன்றிய பிறகுதான். எனவே கணக்குப் பாதுகாப்பின் வரலாற்றை, அதாவது கடவுச்சொல், இரட்டைச் சரிபார்ப்பு, காத்திருப்புக் காலம் ஆகியவற்றின் வரலாற்றை, பொறியியலாக மட்டும் எழுதுவது போதாது. அது ஒரு சொத்துவகை உருவான வரலாறுமாகும்.

சந்தை உருவான காலத்தைத் துல்லியமாகவே சுட்டலாம். 1997இல் அல்டிமா ஆன்லைனும், 1999இல் எவர்குவெஸ்ட்டும் வெளிவந்தன. ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் உலவும் நிலைத்த உலகங்கள் அவை. ஆட்டக்காரர் கணினியை அணைத்துவிட்டு உறங்கச் சென்றாலும் அவரது வீடும் வாளும் அங்கேயே இருக்கும். இருக்கும் பொருளுக்கு விலை உண்டு. ஈபே தளத்தில் விளையாட்டுக் காசும் ஆயுதங்களும் முழுக் கணக்குகளும் ஏலத்துக்கு வந்தன. 2001இல் கலிஃபோர்னியப் பொருளியலாளர் எட்வர்ட் காஸ்ட்ரோனோவா அந்த ஏல விலைகளைத் திரட்டி, எவர்குவெஸ்ட்டின் நாரத் உலகத்தை ஒரு நாடாகவே கருதிக் கணக்கிட்டார். அங்கே ஒரு மணி நேர விளையாட்டின் ஈட்டம் ஏறத்தாழ 3.42 டாலர், தலைக்கு ஆண்டு உற்பத்தி 2,266 டாலர். அன்றைய இந்தியாவையும் சீனாவையும் விஞ்சிய எண் அது. அக்கட்டுரையை முதலில் வேடிக்கையாகப் படித்தவர்களும் உண்டு. ஆனால் அதன் உட்கிடை வேடிக்கையன்று: ஒரு மணி நேர விளையாட்டின் விலை ஏழை நாடொன்றின் ஒரு மணி நேரக் கூலியை விஞ்சினால், அங்கே விளையாட்டு கூலி வேலையாகும்.

அவ்வாறே ஆயிற்று. 2007இல் பத்திரிகையாளர் ஜூலியன் டிபெல் நான்ஜிங் நகரத்துப் பட்டறை ஒன்றைப் பற்றி எழுதினார். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டில் இரவுதோறும் 12 மணி நேரம் அரக்கர்களைக் கொன்று காசு திரட்டும் இளைஞன் ஒருவனுக்கு, 100 பொற்காசுக்கு 10 யுவான் கூலி. மணிக்கு ஏறத்தாழ 30 அமெரிக்க சென்ட். அதே 100 காசு கடைசி வாங்குநரை அடையும்போது அதன் விலை 20 டாலர் வரை உயர்ந்திருக்கும். இத்தொழிலுக்கு ஆங்கிலத்தில் ‘கோல்ட் ஃபார்மிங்’ என்று பெயர், பொன்னுழவு எனலாம். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஹீக்ஸ் 2008இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் ஏறத்தாழ 4 லட்சம் பேர் இவ்வாறு பிழைத்தனர், பெரும்பகுதியினர் சீனர், சராசரி மாத வருவாய் 145 டாலர்.

பொன்னுழவரும் கணக்குத் திருடரும் ஒருவரல்லர் என்பது இங்கே வலியுறுத்தத்தக்கது. அன்றைய ஆட்டக்காரர் பேச்சில் இவ்விருவரும் ஒன்றாகவே ஏசப்பட்டனர். ‘சீன உழவன்’ என்பது வசைச்சொல்லாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கலிஃபோர்னியாவில் சீனச் சலவைத் தொழிலாளர் மீது பொழியப்பட்ட வெறுப்புப் பேச்சின் அச்சு அப்படியே இதில் பதிந்திருப்பதை ஆய்வாளர் நிக் யீ 2006இலேயே எடுத்துக்காட்டினார். உண்மையில் திருடன் உழவனின் போட்டியாளன். ஓர் உழவன் பல இரவுகளில் சேர்ப்பதை, ஒரு கடவுச்சொல்லைக் களவாடியவன் பத்து நிமிடத்தில் அள்ளிச் செல்கிறான். சந்தையில் இருவரின் காசும் ஒரே விலைக்கு விற்கும். களவுக் காசில் கறை தெரிவதில்லை.

விற்பனைத் தடை இந்நிலையைச் சீர்செய்யவில்லை, பலவகையில் மோசமாக்கிற்று. எவர்குவெஸ்ட் நிறுவனத்தின் வேண்டுகோளின்படி 2001 ஜனவரியில் ஈபே அவ்விளையாட்டுப் பொருள்களின் ஏலங்களை நீக்கியது. 2007இல் மெய்நிகர்ப் பொருள் ஏலங்களைப் பொதுவாகவே விலக்கியது. வணிகம் நின்றுவிடவில்லை. விற்பவரைப் பற்றி வாங்கியவர் மதிப்பீடு எழுதும் பொது இடத்திலிருந்து, முகவரி தெரியாத தனித் தளங்களுக்கு அது இடம்பெயர்ந்தது. ஆங்காங்கே ‘உங்கள் பாத்திரத்தை உயர்நிலைக்கு ஏற்றித் தருகிறோம், கடவுச்சொல்லைத் தாருங்கள்’ என்ற சேவையும் விற்கப்பட்டது. கடவுச்சொல் கொடுத்தவர் தம் கணக்கு உயர்ந்திருப்பதைச் சில நாளில் கண்டார். அது வெறுமையாகியிருப்பதை இன்னும் சில நாளில் கண்டவரும் உண்டு. தடைசெய்யப்பட்ட ஒன்றை வாங்கியவர் நிறுவனத்திடம் முறையிட இயலாது. முறையிட்டால் அவர் கணக்கே முடக்கப்படும்.

தென்கொரியாவில் இதே கதை வேறொரு வாயில் வழியே நுழைந்தது. அங்கே இணையச் சேவைகளில் கணக்குத் தொடங்கக் குடிமக்கள் பதிவெண் தேவைப்பட்டது. நம் ஆதார் எண்ணை ஒத்த, பிறப்பு முதல் மாறாத எண் அது. 1998இல் வெளிவந்த லினியேஜ் விளையாட்டின் ‘அடேனா’ காசுக்கு நாடெங்கும் சந்தை இருந்தது. 2006 தொடக்கத்தில், தாம் ஒருநாளும் ஆடியிராத லினியேஜில் தம் பெயரில் கணக்குகள் இருப்பதைப் பல்லாயிரம் கொரியர்கள் கண்டறிந்தனர். காசு உழும் பட்டறைகளுக்குக் கணக்குகள் வேண்டும். கணக்குகளுக்குக் கொரியப் பதிவெண்கள் வேண்டும். ஆகவே பதிவெண்கள் களவுபோயின. விளையாட்டுக் காசின் விலை ஒரு நாட்டின் அடையாள ஆவணத்துக்குக் கள்ளச்சந்தை விலையை உண்டாக்கிவிட்டது. 2011இல் மேப்பிள்ஸ்டோரி விளையாட்டின் 1 கோடியே 32 லட்சம் பயனர்களின் விவரங்கள் கசிந்தன. அவ்வாண்டு வேறு பெருங்கசிவுகளும் நிகழ, இணையத் தளங்கள் குடிமக்கள் பதிவெண்ணைச் சேகரிப்பதையே 2012இல் கொரியா பொதுவாகத் தடைசெய்தது. எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைச் சாவியாக்குவதன் ஆபத்தை ஒரு நாடு கற்றுக்கொண்ட வழிகளுள் கற்பனை வாளும் கற்பனைக் காசும் அடங்கும்.

திருட்டின் கருவிகள் எளியவை. பெரும்பாலானவை விசைப்பலகையில் தட்டும் எழுத்துகளை ஒளிந்திருந்து பதிவுசெய்யும் நிரல்கள். இவற்றுள் டாட்டர்ஃப் என்னும் புழுநிரல் குறிப்பிடத்தக்கது. அது பென் டிரைவ் வழியே பரவியது. செருகியவுடன் தானே இயங்கும் விண்டோஸ் வசதியைப் பயன்படுத்திக்கொண்டது. அதன் வேலை விளையாட்டுக் கடவுச்சொற்களைத் திருடுவது. 2008 ஜூனில் மைக்ரோசாஃப்ட் தன் தீநிரல் நீக்கியில் அதையும் சேர்த்தபோது, முதல் நாளிலேயே ஏறத்தாழ 7 லட்சம் கணினிகளிலிருந்து அது அகற்றப்பட்டது. பிரவுசிங் சென்டர்களில் பென் டிரைவைக் கணினிக்குக் கணினி மாற்றிச் செருகிய தலைமுறைக்கு இதன் பரவலை விளக்க வேண்டியதில்லை. அப்புழு நுழைந்த கணினிகளின் சொந்தக்காரர் அனைவரும் ஆட்டக்காரர்களா என்றால், இருக்க வேண்டிய கட்டாயமில்லை. வலை வீசுபவன் மீனை எண்ணி வீசுவதில்லை.

அதே 2008 ஜூனில் காவலின் வரலாற்றிலும் ஒரு திருப்பம். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டை நடத்தும் பிளிசார்ட் நிறுவனம் பாரிஸில் நடந்த தன் விழாவில் சாவிக்கொத்தில் கோத்துக்கொள்ளத்தக்க சிறு கருவியொன்றை 6.50 டாலருக்கு அறிமுகப்படுத்திற்று. பொத்தானை அழுத்தினால் ஆறு இலக்க எண் தோன்றும்; கடவுச்சொல்லோடு அதையும் தந்தால்தான் கணக்கு திறக்கும். கருவியைச் செய்தது வங்கிகளுக்கு இத்தகைய கருவிகளை வழங்கிவந்த வாஸ்கோ நிறுவனம். இந்தியாவில் இணையவழி அட்டைப் பரிவர்த்தனைகளுக்குக் கூடுதல் சரிபார்ப்பை ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது 2009 ஆகஸ்ட் 1 முதல். கற்பனை வாளுக்கு இரட்டைப் பூட்டு விற்பனைக்கு வந்து ஓராண்டு கடந்த பிறகே இந்தியக் கடன் அட்டைக்கு அது விதியாயிற்று.

பூட்டு வாங்க ஆட்டக்காரர் முன்வரவேண்டுமே. அதற்காக, கருவியைக் கணக்கோடு இணைத்தவர்க்கு இருதலை நாய்க்குட்டி ஒன்று விளையாட்டில் துணையாக வழங்கப்பட்டது. இது நகைப்புக்குரியதாகத் தோன்றினும் பாதுகாப்பியலில் அரிய பாடம். பயனரை அச்சுறுத்தித் தோற்ற இடத்தில் ஒரு நாய்க்குட்டி வென்றது. ஆயினும் பூட்டுக்கேற்ற திறவுகோலும் விரைவில் வந்தது. 2010இல் ஒரு தீநிரல், ஆட்டக்காரர் தட்டிய ஆறு இலக்க எண்ணை இடைமறித்துத் திருடனுக்கு அனுப்பி, நிறுவனத்துக்குத் தவறான எண்ணை அனுப்பியது. ஆட்டக்காரர் தாம் தவறாகத் தட்டியதாக எண்ணி மீண்டும் முயல்வதற்குள் கணக்கு வேறொருவர் கையில் இருந்தது.

ரூன்ஸ்கேப் நிறுவனம் மேற்கொண்டது முற்றிலும் வேறு வழி. அங்கே உண்மைப்பண வணிகத்தின் அடியில் திருட்டுக் கடன் அட்டைகள் இருந்தன. பட்டறைகள் திருட்டு அட்டையால் சந்தா செலுத்தும். அட்டைக்குரியவர் வங்கியில் முறையிடுவார். வங்கி பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு நிறுவனத்தைக் கடியும். இது பெருகினால் அட்டைகளை ஏற்கும் வசதியையே நிறுவனம் இழக்க நேரும். லேவார்டன் சிறுவன் தாக்கப்பட்டு மூன்று மாதங்களுக்குப் பின், 2007 டிசம்பரில், ஆட்டக்காரர் ஒருவரையொருவர் கொன்று பொருள் கவரும் காட்டுப்பகுதியை நிறுவனம் மூடியது. 2008 ஜனவரியில், சமமற்ற பண்டமாற்றைத் தடைசெய்தது: இரு தரப்பும் தரும் பொருள்களின் மதிப்பு ஏறத்தாழச் சமமாயிருந்தாலன்றிக் கைமாற்றம் நிகழாது. காரணம் எளிது. காசு விற்பவன் விளையாட்டுக்கு வெளியே பணம் பெற்றுக்கொண்டு உள்ளே எதுவும் பெறாமல் காசைக் கொடுக்கிறான். விளையாட்டின் கண்ணுக்கு அது கொடை. ஆகவே கொடையே தடைசெய்யப்பட்டது.

நண்பனுக்கு ஒரு வாளைச் சும்மா கொடுக்க முடியாத உலகம் அவ்வாறு பிறந்தது. ஆட்டக்காரர் விளையாட்டுக்குள்ளேயே திரண்டு ஆர்ப்பரித்தனர்; பலர் வெளியேறினர். மூன்று ஆண்டுகள் கழித்து நிறுவனம் பொதுவாக்கெடுப்பு நடத்திற்று. 12 லட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளில் 91 விழுக்காடு பழைய முறைக்கு ஆதரவாக விழ, 2011 பிப்ரவரி 1 அன்று காட்டுப்பகுதியும் கட்டற்ற கைமாற்றமும் திரும்பின. உண்மைப்பண வணிகமும் கூடவே திரும்பியது. கொடையையும் விற்பனையையும் ஒன்றாகக் காணும் பொறி ஒருபுறம், களவுக்கு வழிவிடும் கட்டற்ற உலகம் மறுபுறம் என்ற நிலையில் மக்கள் பின்னதைத் தேர்ந்தனர்.

ஸ்டீம் தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனம் சந்தையைத் தடுக்கவில்லை; தானே நடத்திற்று. டீம் ஃபோர்ட்ரெஸ் 2 விளையாட்டின் தொப்பிகளும், கவுன்டர்-ஸ்ட்ரைக் துப்பாக்கிகளின் வண்ணப் பூச்சுகளும் அங்கே விலைபோயின. 2015 டிசம்பரில் அந்நிறுவனம் வெளியிட்ட விளக்கம், இத்துறையில் ஒரு நிறுவனம் வெளிப்படையாகப் பேசிய அரிய ஆவணம். பொருள் கைமாற்றும் வசதி வந்தபின் கணக்குத் திருட்டு இருபது மடங்கு பெருகியது. மாதந்தோறும் ஏறத்தாழ 77,000 கணக்குகள் கைப்பற்றப்பட்டுச் சூறையாடப்படுகின்றன. ஏமாளிகள் மட்டுமல்லர், தொழில்முறை ஆட்டக்காரரும் தேர்ந்த வணிகரும் இழந்தோரில் அடங்குவர். இவை அந்நிறுவனத்தின் ஒப்புதல்கள்.

அதற்கு நிறுவனம் கண்ட தீர்வு, கதவை விட்டுப் பொருளுக்குக் காவலிடுவது. கைப்பேசியில் எதை யாருக்குத் தருகிறோம் என்று கண்டு உறுதிசெய்தாலன்றிப் பொருள் அப்போது மூன்று நாள் வரை நகராதிருந்தது. திருடனுக்கு விரைவே முதல். காலத்தையே பூட்டாக்கிய இம்முறை பின்னர் மேலும் வளர்ந்தது. 2025இல், கைமாறிய பொருளை ஏழு நாளுக்குள் மீட்டெடுக்கும் ஏற்பாடும் சேர்ந்தது. இதற்கிடையே 2019இல், கவுன்டர்-ஸ்ட்ரைக் பெட்டிகளைத் திறக்கும் சாவிகளைக் கைமாற்றுவதை வால்வ் நிறுத்திற்று. சந்தையில் கைமாறும் சாவிகளில் ஏறத்தாழ அனைத்தும் மோசடியில் தோன்றியவை என்று தான் நம்புவதாக அது கூறிற்று. காவலுக்கு உள்ளேயே கள்ளப்பணத்தை வெளுக்கும் ஆலை ஓடியிருந்தது.

அந்த 2015 விளக்கத்தில் இன்னொரு செய்தி உண்டு. உடைமைக் கேள்விக்கு அது இன்றியமையாதது. திருட்டுக் கொடுத்தவர்க்கு நிறுவனம் முன்பு அதே பொருளைப் புதிதாகப் படைத்துத் தந்துவந்தது. திருடப்பட்ட மூலம் அதற்குள் பல கை மாறி, ஏதுமறியாத ஒருவரிடம் இருக்கும். அவரிடமிருந்து அதைப் பறிப்பது அறமன்று. ஆகவே ஒன்று இரண்டாயிற்று. உலகில் சிலவே உள்ள அரிய பொருள் திருட்டுக்குத் திருட்டு பெருகிற்று. பிறரிடமிருந்த அதே பொருளின் விலை இறங்கிற்று. திருட்டு இங்கே நாணயச்சாலையாகிறது. நெதர்லாந்து நீதிமன்றம் தாயத்தைப் பொருளென்று கொண்டதற்கு அடிப்படை, ஒருவன் பெற்றால் மற்றவன் இழக்கிறான் என்பதே. அந்த இயல்பு தாயத்தின் உள்ளே இல்லை. ஒரு நிறுவனம் படியெடுக்காமல் தன்னை அடக்கிக்கொள்ளும்வரையே அது நிற்கும்.

கிழக்காசிய நீதிமன்றங்கள் இவ்வினாக்களை ஐரோப்பாவுக்கு முன்பே சந்தித்தன. மெய்நிகர்ப் பொருள் சொத்தே, அதைத் திருடுவது தண்டனைக்குரியது என்று 2001இலேயே தைவானின் நீதி அமைச்சகம் விளக்கமளித்தது. 2003 டிசம்பரில் பெய்ஜிங்கின் சாயாங் மாவட்ட நீதிமன்றம், ரெட் மூன் விளையாட்டில் ஆயுதங்களை இழந்த 24 வயது ஆட்டக்காரர் ஒருவரின் வழக்கை விசாரித்தது. அவர் இரண்டு ஆண்டுக் காலமும் 10,000 யுவானும் அதில் செலவிட்டிருந்தார். திருடிய கணக்கு எதுவென்று அவரே கண்டுபிடித்தும், அதற்குரியவரின் விவரத்தைத் தர நிறுவனம் மறுத்துவிட்டது. வழங்கியில் ஓட்டை இருந்ததற்கு நிறுவனமே பொறுப்பென்றும் பொருள்களை மீட்டுத் தரவேண்டுமென்றும் நீதிமன்றம் ஆணையிட்டது. லேவார்டன் வழக்கு திருடனை நோக்கிப் பேசியது. பெய்ஜிங் வழக்கு காவலனை நோக்கிப் பேசியது. பிந்தைய ஆய்வுகளில் முன்னது பெற்ற கவனத்தைப் பின்னது பெறாதது குறையே.

எல்லா முறையீடுகளும் நீதிமன்றத்தை எட்டவில்லை. 2005இல் ஷாங்காயில், தாம் இரவலாகக் கொடுத்த மெய்நிகர் வாளை நண்பர் 7,200 யுவானுக்கு விற்றுவிட்டதாக ஒருவர் காவல் நிலையம் சென்றார். அது சட்டம் காக்கும் சொத்தன்று என்று திருப்பியனுப்பப்பட்டார். பின்னர் அந்நண்பரைக் குத்திக் கொன்று, நிறுத்திவைக்கப்பட்ட மரண தண்டனை பெற்றார். இந்நிகழ்வை விளையாட்டு வெறிக்குச் சான்றாகவே ஊடகங்கள் எழுதின. புகாரைப் பெறும் மேசை ஒன்று அங்கே இல்லாதிருந்தது என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கவேண்டும். 2021இல் நடைமுறைக்கு வந்த சீனக் குடிமையியல் சட்டத்தொகுப்பின் 127ஆம் பிரிவு ‘இணைய மெய்நிகர்ச் சொத்து’ என்பதைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. பாதுகாப்பின் விவரங்களைப் பிற சட்டங்களுக்கு விட்டுவிடுகிறது. கொரிய உச்ச நீதிமன்றமோ 2009 டிசம்பரில், அடேனா வாங்கி விற்ற இருவரை விடுவித்தது: சூதாட்டத்தைப் போலன்றி லினியேஜ் காசு காலமும் உழைப்பும் செலவிட்டுப் பெறுவது என்பது அதன் காரணம். உழைப்பு என்னும் சொல் மீண்டும் மீண்டும் இத்தீர்ப்புகளில் வருவதைக் காணலாம்.

இந்தியச் சட்டத்தில் இவ்வினா ஒரு பெயரடையில் தங்கியிருந்தது. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, அசையும் சொத்து என்பது பருவுருவுடைய சொத்து என்று வரையறுத்தது. திருட்டு அசையும் சொத்தின் மீதே நிகழும். மின்சாரம் வந்தபோது இங்கும் அதே இடர். நெதர்லாந்தில் நீதிபதிகள் சொல்லின் பொருளை விரித்தனர்; இந்தியாவில் சட்டமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. 1910ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, மின்சாரத்தை நேர்மையின்றி எடுப்பவர் திருடியதாகக் கருதப்படுவார் என்றது. அவதார் சிங் எதிர் பஞ்சாப் அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம், அக்குற்றம் தண்டனைச் சட்டத்தால் அன்று, மின்சாரச் சட்டத்தின் அக்கற்பிதத்தால் மட்டுமே குற்றமாகிறது என்று கூறி, உரிய அதிகாரி வழக்குத் தொடராததால் தண்டனையை நீக்கியது. பல் மருத்துவரின் ஊசி இங்கே வேறு விடையைப் பெற்றது.

2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, அசையும் சொத்தை 2ஆம் பிரிவின் 21ஆம் உட்பிரிவில் வரையறுக்கிறது. ‘ஒவ்வொரு வகையான சொத்தும்’ என்று அது கூறுகிறது. நிலமும் நிலத்தோடு பிணைந்தவையும் மட்டுமே விலக்கு. பருவுருவுடைய என்ற பழைய அடை காணவில்லை. நூற்றறுபது ஆண்டுகள் நின்ற சொல் ஒன்று ஆரவாரமின்றி நீங்கியிருக்கிறது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டமும், பந்தயப் பொருள் என்பதற்கான வரையறையில் பணம் கொடுத்து வாங்கிய மெய்நிகர்க் காசையும் பொருளையும் சேர்க்கிறது. ஆனால் அச்சட்டத்தின் கவலை சூதாட்டம் பற்றியது; அப்பொருள் எவருடையது என்பது பற்றியதன்று.

இந்திய இளைஞரின் சந்தை இவற்றுக்கெல்லாம் வெளியே இயங்குகிறது. கணினியைவிடக் கைப்பேசியே இங்கே விளையாட்டுக் களம். பப்ஜி, ஃப்ரீ ஃபயர் போன்றவற்றில் பொருளைத் தனியே கைமாற்றும் வழி பெரிதும் இல்லாமையால் முழுக் கணக்கே விற்கப்படுகிறது. அதை ‘ஐடி’ என்பர். 2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி மொபைல் தடைசெய்யப்பட்டு, ஓராண்டுக்குள் பிஜிஎம்ஐ என்ற பெயரில் அதன் இந்திய வடிவம் வந்தபோது, பழைய உடைகளும் துப்பாக்கிப் பூச்சுகளும் ஃபேஸ்புக், ட்விட்டர் உள்நுழைவு வழியே புதிய விளையாட்டுக்கு இடம்பெயர்க்கப்பட்டன. ஓர் அரசாணையால் மறைந்த உடைமை, கடவுச்சொல் வைத்திருந்தவர்க்கு மட்டும் திரும்பி வந்தது.

ஐடி விற்பனையின் மோசடியும் இக்கடவுச்சொல்லையே சுற்றுகிறது. விற்றவர் யூபிஐ வழியே பணம் பெறுகிறார். உள்நுழைவு விவரத்தைத் தருகிறார். சில வாரங்களில், கணக்கோடு முதலில் இணைந்திருந்த தம் மின்னஞ்சலைக் காட்டி, கணக்கு களவுபோனதாக முறையிட்டு மீட்டுக்கொள்கிறார். மெய்யாகவே களவு கொடுத்தவர்க்கென அமைந்த மீட்பு வாயில் இங்கே களவின் வாயிலாகிறது. பிறருடைய கடவுச்சொல்லை நேர்மையின்றிப் பயன்படுத்துவதைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு மூன்றாண்டுச் சிறைக்குரிய குற்றமாக்குகிறது. ஆனால் விற்றவர் பயன்படுத்தியது தம் மின்னஞ்சல். தம் பெயரிலான கணக்கு. எனவே வாங்கியவரின் வழக்கறிஞர் மோசடிப் பிரிவையே நாட வேண்டியிருக்கும். விற்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று மெய்ப்பித்தால், யூபிஐயில் சென்ற பணம் சொத்தாக எண்ணப்படும். அப்பணத்தால் வாங்கிய துப்பாக்கிப் பூச்சு அந்தப் புகாரில் எந்தப் பத்தியில், எந்தச் சொல்லால் எழுதப்படும் என்பதைக் காவல் நிலைய எழுத்தரே முடிவுசெய்ய வேண்டும்.